இரண்டு பொத்தான் இடைவெளி

எதைக் கண்டாலும் ஒரு தடவை அமுக்கிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பேருந்தில் ஏறினால் முதலில் இருக்கையை உள்ளங்கையால் அமுக்குவார், பிறகுதான் உட்காருவார். பல் மருத்துவரிடம் போனால் வாயைத் திறப்பதற்கு முன் நாற்காலியின் தலைமாட்டை அமுக்குவார். யாராவது புது ஷூ வாங்கி வந்தால் உள்ளே விரலை விட்டு அழுத்தி, "அடியில நல்ல ஸ்பாஞ்சுதான் போட்டிருக்கான்" என்று நற்சான்று வழங்குவார். மெத்தையும் திரைச்சீலையும் விற்கும் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவர் வேறு எப்படி இருப்பார்? கடையில் அவருக்கு அமுக்கண்ணன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் மெல்லத் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. இப்போது அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

கிட்டாரைக்கூட அவர் அமுக்கிப் பார்த்துத்தான் வாங்கினார். ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது விற்ற கிட்டார் அது. விற்றவர் தந்தியை மீட்டிக் காட்ட, இவர் அதைக் காதில் வாங்காமல் கிட்டாரின் வயிற்றை அழுத்தியும் தட்டியும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரங்களில் தட்டினால் காலி டப்பா போலச் சத்தம். நடுவில் தட்டினால் கதவைத் தட்டுவது போலக் கெட்டியான சத்தம். கழுத்திலிருந்து வால்வரை நடுவில் ஒரு முழு மரக்கட்டை ஓடியது. அதன் இரண்டு பக்கமும் வெறும் பொள்ளல். மேலே வளைந்து நெளிந்த இரண்டு ஓட்டைகள். "நடுவுல கெட்டி, ஓரத்துல மெதுவு. இது கிட்டாரே இல்லீங்க, முதுகுவலிக்காரங்களுக்குப் போடுற மெத்தை" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் அவருக்கென்று ஒரு சின்னக் குழு இருந்தது. பாட்டு, அக்கா. டிரம்ஸ், அக்காவின் கணவர், அதாவது அத்தான். கிட்டார், அமுக்கண்ணன். விசிறி, அவருடைய மனைவி. கடையின் பின்னறையில் திரைச்சீலை தைக்கும் அவர், ரசிகையாகவும் ஒரே விமர்சகராகவும் இருந்தார்.

அக்காவை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. முகத்தைத் தெரியாவிட்டாலும் குரலைத் தெரியும். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் அவர்தான். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அக்கா ஒரு குரல் கொடுத்தால் தூங்கிக்கொண்டிருப்பவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், அவன் போக வேண்டிய வண்டி அதுவாக இல்லாவிட்டாலும். அத்தான் அதே நிலையத்தில் ஓட்டுநர். "ஸ்டேஷன்லயும் இவ சொன்னாத்தான் வண்டியை எடுக்கணும், வீட்டுலயும் இவ சொன்னாத்தான் எடுக்கணும்" என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல்.

போன வருடம் அக்காவுக்குத் தொண்டையில் ஒரு அறுவை சிகிச்சை. உயிருக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் திரும்பி வந்த குரல் பழைய குரலில் கால்வாசிதான் இருந்தது. சுருதி அப்படியே இருந்தது, பலம்தான் போய்விட்டது. பாடலாம், கத்தக் கூடாது என்றார் மருத்துவர். நிலையத்தில் அவரைத் தொலைந்த பொருட்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு இவற்றுக்கு நடுவே அக்கா உட்கார்ந்திருந்தார்.

"நல்ல எடம்தான். உன் குரலையும் யாராவது கொண்டாந்து குடுத்தா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ" என்றார் அத்தான்.

அக்கா சிரித்தார். சிரித்த சத்தமும் சின்னதாகத்தான் இருந்தது.

நிலைய ஊழியர்களின் ஆண்டு விழா நெருங்கியபோது மூவரையும் வழக்கம்போல வாசிக்கச் சொன்னார்கள். அக்கா, "ஒரே ஒரு தடவை பாடிப் பாக்குறேன். சரியா வரலேன்னா மைக்கை அதோட கீழ வெச்சிருவேன். அப்புறம் ஒருத்தரும் என்னைப் பாடச் சொல்லக் கூடாது, கெஞ்சக் கூடாது. சரியா?" என்றார்.

சரி என்று இருவரும் தலையாட்டினார்கள். அமுக்கண்ணனுக்கு அன்றிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை. மெத்தைக் கடைக்காரனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் வெளியில் சொல்லவா முடியும்?

அவர் ஒரு கணக்குப் போட்டார். அக்காவின் குரல் சிறுத்துவிட்டது. அந்தக் காலி இடத்தைக் கிட்டார் நிரப்ப வேண்டும். கிட்டார் பெரிதாக ஒலித்தால் குரல் சின்னது என்று யாருக்கும் தோன்றாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் போனார்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அவருடைய கிட்டாரில் இரண்டு. தீப்பெட்டியை விட ஒரு சுற்றுப் பெரிய உலோகப் பெட்டி, உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி. தந்தி அதிர்ந்தால் அது அந்த அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். தந்தி பேசுகிறது என்றால் பிக்கப்தான் காது. காது மாறினால் பேச்சே மாறிவிடும்.

"பொள்ளல் கிட்டாருக்கா? ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு சாது, இன்னொண்ணு ராட்சசன்" என்றார் கடைக்காரர். "உங்க கிட்டாருக்குச் சாதுதான் சரி. அந்தப் பொள்ளல் தானாவே மூச்சு விடும். அதைப் போட்டு நீங்க உலுக்க வேண்டாம்."

"சாது ஏற்கெனவே இருக்குங்க. ராட்சசனைக் குடுங்க."

"விசில் அடிக்கும்."

"யாரு, ஜனங்களா?"

"கிட்டாரு" என்றார் கடைக்காரர். "அப்புறம் வந்து என்கிட்ட சண்டை போடக் கூடாது."

அமுக்கண்ணன் ராட்சசர்கள் இருவரையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீடு வரும்வரை அந்தப் பையிலிருந்த சாவிக்கொத்து அவற்றை விட்டு நகரவில்லை. அவ்வளவு பலமான காந்தம்.

மாற்றுவது லேசான வேலை இல்லை. பிக்கப்பின் கம்பிகள் உள்ளே போய், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நான்கு திருகுகளின் காலில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அந்த நான்கு திருகுகளையும் வளைந்த ஓட்டை வழியாக வெளியே இழுத்தால்தான் கை எட்டும். இழுப்பது சுலபம். திரும்ப அதனதன் துளைக்குக் கொண்டுபோவதுதான் பாடு. பாட்டிலுக்குள் விழுந்த மூடியை எடுப்பது போல. மனைவிதான் வழி சொன்னார்.

"பாவாடைக்கு நாடா கோக்குற மாதிரிதான? ஒவ்வொண்ணோட தலையிலயும் ஒரு நூலைக் கட்டிட்டு உள்ள விடுங்க. வேலை முடிஞ்சதும் நூலைப் புடிச்சு இழுங்க, அது வந்த வழியே போய் உக்காந்துக்கும்."

நாலு நிறத்தில் நாலு நூல் கொடுத்தார். சொன்னபடியே நடந்தது. கழற்றிய பழைய பிக்கப் இரண்டையும் மனைவியே எடுத்துக்கொண்டார். தையல் மேசையில் ஒன்றை வைத்ததும் அதன்மேல் ஊசிகள் முள்ளம்பன்றி போல ஒட்டிக்கொண்டன. இன்னொன்று கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டது. "இத்தனை வருசத்துல உங்க கிட்டாரால எனக்குக் கெடைச்ச ஒரே உபயோகம்" என்றார்.

அடுத்தது உயரம் வைப்பது. பிக்கப்பின் இரு ஓரத்திலும் திருகாணி உண்டு. அதைத் திருகினால் பெட்டி தந்தியை நோக்கி ஏறும், இறங்கும். நெருங்கினால் சத்தம் கூடும், விலகினால் மென்மை கூடும். அளவு பார்க்க, தந்தியைக் கழுத்தின் கடைசிக் கட்டத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்திக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அமுக்கண்ணனிடம் அதற்கு அளவுகோல் இல்லை. மனைவியின் டப்பாவிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து இடையில் செருகிப் பார்ப்பார். ஒரு பொத்தான் உரசாமல் நுழைந்தால் சரி. இது அவரே கண்டுபிடித்த முறை, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வீட்டில் வாசிக்க முடியாது. மாடியில் கைக்குழந்தை. ஆகவே கடை மூடியபின் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் வைத்துச் சரிபார்த்தார். கூரைவரை மெத்தைகள். சுவரோரம் திரைச்சீலைச் சுருள்கள். நடுவே ஒரு ஸ்டூல், ஒரு ஆம்ப்.

மீட்டினார். உப்பில்லாமல் இருந்தது. ராட்சசன் என்று வாங்கியது போர்வைக்குள்ளிருந்து முனகியது. பெட்டியை ஏற்றினார். பொத்தானில் பாதிதான் நுழைந்தது. இன்னும் போதவில்லை. மேலும் ஏற்றினார். இப்போது பொத்தான் நுழையவே இல்லை. ஆம்பின் சத்தத்தையும் கூட்டி, கூர்மையையும் கூட்டினார். ஒருவழியாகக் கிட்டார் பேச ஆரம்பித்தது. திருப்தியுடன் பக்கத்திலிருந்த மெத்தையை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஒத்திகை ஊழியர் மண்டபத்தில். வழவழவென்று தரை, வெற்றுச் சுவர், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். அத்தான் குச்சியால் மூன்று தட்டு தட்டினார். அமுக்கண்ணன் மீட்டினார்.

கீஈஈஈ என்று ஒரு அலறல். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ஆம்பிலிருந்து வந்த சத்தம் கிட்டாரின் பொள்ளலை உலுக்க, பொள்ளல் தந்தியை உலுக்க, தந்தி அதை மறுபடி ஆம்புக்குச் சொல்ல, தெருக்குழாயில் மூண்ட வாய்ச்சண்டை போல ஒன்றை ஒன்று மிஞ்சிக்கொண்டே போயிற்று. அமுக்கண்ணன் தந்திகளை இறுக்கிப் பிடித்தார்.

"மாப்ள, வண்டிக்கு பிரேக் புடிக்கலையா?" என்றார் அத்தான்.

"ஹால்ல ஒயரிங் சரியில்லை அத்தான்."

"அது சரி, தாலாட்டுப் பாட்டுக்கு எதுக்குடா சைரன்?" என்று அக்கா கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்லவேண்டி வந்தது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அமுக்கண்ணன் கிடங்குக்கு ஓடினார். மீட்டினார். அலறலும் இல்லை, ஒன்றும் இல்லை, பச்சைப்பிள்ளை போல இருந்தது. அப்படியென்றால் கோளாறு மண்டபத்தில்தான் என்று முடிவுகட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு சுற்று ஏற்றினார்.

அடுத்த ஒத்திகையில் கீழே பேருந்து கழுவிக்கொண்டிருந்தவர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார்.

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "டேய் தம்பி, நீ எனக்காகத்தான் பண்ற, தெரியுது. ஆனா இந்தச் சத்தத்து மேல ஏறி என்னால பாட முடியாது. விட்ருவோம். நீங்க ரெண்டு பேரும் வாசிங்க, நான் முன் வரிசையில உக்காந்து கைதட்டுறேன்" என்றார்.

மைக் மேசைமேல் படுத்திருந்தது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விழாவுக்கு முந்தைய நாள் கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். பெரிய சாலையை ஒட்டி வீடு, லாரிச் சத்தம் தாங்கவில்லை, தடிமனான திரைச்சீலை வேண்டும். அமுக்கண்ணன் எந்த மனநிலையில் இருந்தாலும் இந்த வசனம் மட்டும் தானாக வந்துவிடும். இருவரையும் இரண்டு கனத்த திரைகளுக்கு நடுவே நிறுத்தினார்.

"இப்ப ரோட்டுச் சத்தம் கேக்குதா மேடம்? கேக்காது. இந்தத் துணி சத்தத்தை அப்படியே தின்னுரும். கூடவே நம்ம மெத்தையையும் போட்டுட்டீங்கன்னா ரூமுக்குள்ள நீங்க எவ்ளோ கத்தினாலும் சார் காதுல..."

வசனம் பாதியில் நின்றது. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"எவ்ளோ கத்தினாலும்?" என்று கணவர் ஆவலுடன் கேட்டார்.

"தின்னுரும் சார்" என்றார் அமுக்கண்ணன், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "எல்லாத்தையும் தின்னுட்டு இருந்திருக்கு சார். ஒரு நிமிசம், வந்துடுறேன்."

பின்னறைக்கு ஓடினார். மனைவி ஜன்னல் அளவுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"என் காது கெட்டுப்போச்சும்மா."

"இப்பத்தான் தெரியுதா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்றது எதுவும் விழுந்ததில்ல."

"அது இல்ல. நூறு மெத்தைக்கு நடுவுல உக்காந்து கிட்டாரைச் சரி பண்ணியிருக்கேன். சத்தத்தை மெத்தை தின்னுது. நான் அதுக்குத் தீனி போட்டுக்கிட்டே இருந்திருக்கேன். ஏத்தி ஏத்தி."

மனைவி தையலை நிறுத்தினார். அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசைமேல் தலையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்க நேரமாயிற்று.

"ஊருக்கெல்லாம் இதையே சொல்லித்தான வித்தீங்க!"

"சிரிச்சது போதும். அந்தப் பழசு ரெண்டையும் குடு."

"என் ஊசி எதுல நிக்கும்?"

"ராட்சசனைத் தர்றேன். ஊசி என்ன, மெஷினே ஒட்டிக்கும்."

மறுநாள் காலை மண்டபத்தில் பழைய பிக்கப்புகளோடு கிட்டார் தயாராக இருந்தது. நூல்கட்டி இழுத்த வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வந்திருந்தார். உயரம் மட்டும் பாக்கி, அதை இங்கேதான் வைப்பது என்று தீர்மானம். அக்காவை வரவழைக்க அத்தான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: "ஹால்ல யாரோ குடையை மறந்துட்டுப் போயிருக்காங்களாம், உங்க செக்‌ஷன்தான வந்து எடுக்கணும்" என்றார். அக்கா வந்தார். குடை அத்தானுடையதுதான்.

"என்ன நாடகம் இது?" என்றார் அக்கா.

"பாட வேண்டாங்க்கா. ஒரே ஒரு வரி மட்டும் சொல்லு" என்றார் அமுக்கண்ணன். "எனக்கு அளவு வேணும். துணி தைக்கணும்னா ஆளு நேர்ல வந்து நிக்க வேண்டாமா, அந்த மாதிரி."

"அளவு குடுத்துட்டு நான் போயிருவேன்."

"போயிரு."

அக்கா ஒரு வரியைப் பாடினார். அமுக்கண்ணன் கூடவே மெல்ல மீட்டினார். அலறல் இல்லை. ஆனால் குரல் கிட்டாருக்கு அடியில் மறைந்தது. மனைவி மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கையை ஆட்டினார். "அண்ணி உதடு அசையிறது தெரியுது, அவ்ளோதான்!"

அமுக்கண்ணன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரு ஓரத்தையும் இறக்கினார். ஒரு பொத்தான் தாராளமாக நுழைந்தது. "இன்னொரு தடவை."

அக்கா பாடினார். மனைவி கையைப் பாதி உயர்த்தினார். மறுபடி இறக்கினார். இறங்க இறங்கக் கிட்டாருக்கு வேறொரு குணம் வந்தது. அதட்டல் போய், பொள்ளலுக்குள்ளிருந்து காற்று கலந்த ஒலி எழுந்தது. இரண்டு பொத்தான்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செருகினார். நுழைந்தன.

"நடுவுல ஒருத்தன் துள்ளுறான்" என்றார் அக்கா திடீரென்று.

"என்னது?"

"நடுத்தந்தியில ஒண்ணு. எல்லாரும் வரிசையில நிக்கும்போது அவன் மட்டும் முண்டியடிச்சு ஏறுறான். கேக்கலை உனக்கு?"

கேட்டது. சொன்னபிறகுதான் கேட்டது. மூன்றாவது தந்தி. ஒவ்வொரு தந்திக்கும் அடியில் பிக்கப்பில் தனித்தனியாகச் சின்னத் திருகாணி உண்டு. மூன்றாவதை மட்டும் அரைத் திருகு இறக்கினார்.

"ம். இப்ப வரிசையில வந்துட்டான்" என்றார் அக்கா. "எங்க, மறுபடி வாசி. அந்த ரெண்டாவது வரியிலேருந்து."

அமுக்கண்ணன் வாசித்தார். அக்கா இரண்டாவது வரியைப் பாடினார், பிறகு மூன்றாவதை. அத்தான் குச்சியை வைத்துவிட்டு விரல் நுனியால் டிரம்மைத் தொட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தபோது கடைசி வரிசையிலிருந்து மனைவி இரண்டு கைகளையும் தூக்கி நின்றார்.

"அளவு எடுத்தாச்சு, நீ போறதுன்னா போ" என்றார் அத்தான்.

"வாயை மூடுங்க" என்றார் அக்கா. "சாயங்காலம் எத்தனை மணிக்கு வரணும்?"

மாலையில் மண்டபம் நிரம்பியிருந்தது. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஒரே இடத்தில் கூடினால் அமைதிக்கு வேலை இல்லை. நாற்காலி இழுக்கும் சத்தம், ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம், குழந்தைகள் ஓடும் சத்தம். அக்கா மேடையில் ஏறி மைக்கைக் கையில் எடுத்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. அமுக்கண்ணன் கிட்டாரின் வயிற்றை ஒருமுறை அமுக்கிக்கொண்டார்.

"பயணிகளின் கவனத்திற்கு" என்றார் அக்கா.

பழைய இடிமுழக்கம் இல்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். முன் வரிசை திரும்பியது. முன் வரிசை பின் வரிசையை உஸ் என்று அடக்கியது. இழுத்த நாற்காலிகள் இழுத்த இடத்தில் நின்றன.

"இன்னும் சற்று நேரத்தில் மேடையிலிருந்து ஒரு பாட்டுப் புறப்பட இருக்கிறது."

"லேட்டாத்தான வரும்!" என்று பின்னாலிருந்து ஒரு நடத்துநர்.

"ஓட்டுநர் இன்னும் எழுந்திரிக்கல" என்று அக்கா அத்தானைக் காட்டினார். மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அமுக்கண்ணன் முதல் தந்தியைத் தொட்டார்.

குரல் மேலே போயிற்று, கிட்டார் அதன் அடியில் கூடவே நடந்தது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. அக்கா மைக்கைக் கீழே வைப்பார் என்று அமுக்கண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கவில்லை. யாரையும் கேட்காமலே இரண்டாவது பாட்டை ஆரம்பித்தார். அது முடிந்ததும் இன்னொன்று வேண்டும் என்று கூட்டம் எழுந்து நின்றது.

அக்கா மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தம்பியின் பக்கம் குனிந்தார். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"டேய், அடுத்தது வேகமான பாட்டு. கிட்டாரைக் கொஞ்சம் ஏத்து. நான் தாங்குவேன்."

அமுக்கண்ணன் சட்டைப் பையில் கையை விட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். பொத்தான்கள்தான் முதலில் வந்தன.